விற்ற சரக்கு நஞ்சாகலாமா?
வீட்டு அபாயக் கழிவுகள் பற்றி வணிகர்களுக்கு ஒரு பாடம்

சரக்குக் கொள்முதல், இருப்பு, விற்பனை, வரவு செலவுக் கணக்கு ஆகியவை பற்றி வணிகர்களுக்கான பாடங்கள் பல உண்டு. இந்தப் பாடம் விற்று முடிந்த சரக்கைப் பற்றியது. பில் போட்டுப் பணத்தைக் கல்லாவில் சேர்த்தவுடன் அந்தச் சரக்குக்கும் நமக்கும் தொடர்பு முடிந்துவிட்டதாகவே நாம் நினைக்கிறோம். அரிசி, பருப்பு, துணிமணிகளைப் பொறுத்தவரை அது சரிதான். பேட்டரி, டியூப் லைட், பூச்சி மருந்து, பெயிண்ட், மாத்திரை, என்ஜின் ஆயில் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. இவை உழைத்து ஓய்ந்த பின்னும், காலாவதியான பின்னும் தம் குணத்தை விடுவதில்லை. வாடிக்கையாளர் வீட்டிலிருந்து குப்பைமேட்டுக்கும், அங்கிருந்து மண்ணுக்கும், மழை பெய்தால் வாய்க்கால் வழியே கடலுக்கும் போகின்றன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்திற்கும் மீமிசலுக்கும் இடையே உள்ள ஜெகதாப்பட்டினம் போன்ற ஒரு மீன்பிடித் துறை ஊரை எடுத்துக்கொண்டு இதைப் படிப்போம். விசைப்படகு கடலுக்குப் போனால்தான் அந்த ஊரில் மளிகைக் கடையும் ஹார்டுவேர் கடையும் டீக்கடையும் நடக்கும். கடல் கெட்டால் வியாபாரம் கெடும். ஆகவே இதை ஊர்ப் பொதுநலம் என்று மட்டும் பார்க்காமல், வியாபாரியின் சொந்த நலம் என்றும் பார்க்க வேண்டும்.

1. எவை அபாயக் கழிவு?

2016-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னது. மக்கும் குப்பை ஒன்று. மக்காத குப்பை இரண்டு. மூன்றாவது, வீட்டு அபாயக் கழிவு. பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா, சி.எஃப்.எல். பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பயன்படுத்திய பேட்டரி, ஊசி, சிரிஞ்சு ஆகியவற்றை அந்த விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிட்டன. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம், மக்கள் இவற்றைக் கொண்டுவந்து கொடுக்க உள்ளாட்சி மன்றம் ஒரு மையம் வைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

அவற்றுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1-ஐ அமலுக்கு வரும் நாளாகக் குறித்துப் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் பிரிவு நான்கு: ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. பெயர் மாறினாலும் பெயிண்ட் டப்பா, பல்பு, பாதரசத் தெர்மாமீட்டர், மருந்து ஆகியவை தனியாகவே வைக்கப்பட வேண்டும் என்பது மாறவில்லை.

மேலே உள்ள பட்டியலை ஒருமுறை திரும்பப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். இவற்றில் வீட்டில் உற்பத்தியாகும் பொருள் ஒன்றுகூட இல்லை. அனைத்தும் யாரோ ஒரு வியாபாரியின் கையிலிருந்து வீட்டுக்குப் போனவை.

2. ஊராட்சியால் எதுவரை முடியும்?

கிராம ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக வந்து குப்பை வாங்குகிறார்கள். மக்கும் குப்பை உரக்குழிக்குப் போகிறது. பிளாஸ்டிக், அட்டை, இரும்பு ஆகியவை பிரித்து எடுத்து விற்கப்படுகின்றன. இந்த இரண்டுக்கும் வழி உண்டு. ஆனால் ஒரு டியூப் லைட்டையோ, பாதி காலியான பூச்சி மருந்து டப்பாவையோ வாங்கிக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வார்? உரக்குழியில் போட்டால் உரம் கெடும். பழைய இரும்புக் கடையிலும் வாங்க மாட்டார்கள். கடைசியில் அது ஊருக்கு வெளியே கொட்டப்படும், அல்லது எரிக்கப்படும்.

இவ்வகைக் கழிவை முறைப்படி அழிக்கும் இடங்கள் மாநிலத்தில் மிகச் சிலவே. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் அபாயக் கழிவுகளைப் பதப்படுத்திப் பாதுகாப்பாகப் புதைக்கும் பொது நிலையம் இயங்குகிறது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து அது நானூறு கிலோமீட்டருக்கும் மேல். நான்கு பல்புக்கும் மூன்று டப்பாவுக்கும் எந்த ஊராட்சியும் அவ்வளவு தூரம் வண்டி அனுப்பாது. நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் சேர்ந்து, வகை பிரித்து, எண்ணி வைக்கப்பட்டிருந்தால் ஒன்றியமோ மாவட்ட நிர்வாகமோ ஏற்பாடு செய்ய இடமுண்டு. சேர்த்து வைப்பதற்கு இடம், ஆள், கணக்கு மூன்றும் வேண்டும். மூன்றும் கடைக்காரரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்.

3. கொடைக்கானலில் நடந்தது

தமிழ்நாட்டில் இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு கொடைக்கானல். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. 2001 மார்ச் மாதம், ஊர் மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து ஒரு பழைய சாமான் கிடங்கை ஊரறியச் செய்தார்கள். மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த அந்தக் கிடங்கில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்தது. அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது.

2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு மீண்டும் அமெரிக்காவுக்கே கப்பலில் அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016 மார்ச்சில்தான் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வாதம் அதன் பிறகும் ஓயவில்லை.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டியது அந்தப் பழைய சாமான் கிடங்கை. கண்ணாடிச் சில்லு என்று அது விற்கப்பட்டது. கண்ணாடிச் சில்லு என்றே வாங்கப்பட்டது. எடைக்கு விலை போட்டவர்களுக்கு அதில் ஒட்டியிருந்தது என்ன என்று தெரியவில்லை. விற்பவர் சொல்லாமலும் வாங்குபவர் கேட்காமலும் நடந்த ஒரு வியாபாரம் ஊரையே இத்தனை ஆண்டுகள் அலைக்கழித்தது.

4. விலை போகும் கழிவு, விலை போகாத கழிவு

அபாயக் கழிவை வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இரண்டு வகையாகப் பிரியும். பேட்டரியும் பழைய என்ஜின் ஆயிலும் விலை போகும். பல்பு, மாத்திரை, பூச்சி மருந்து டப்பா, பெயிண்ட் ஆகியவை விலை போகா. விலை போகும் கழிவு குப்பைமேட்டுக்கு வருவதே இல்லை. அது தவறான கைக்குப் போவதுதான் ஆபத்து. விலை போகாத கழிவு எந்தக் கைக்கும் போவதில்லை. நேரே மண்ணுக்குப் போவதுதான் ஆபத்து. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அ) பேட்டரி. இன்வெர்ட்டர், லாரி, விசைப்படகு ஆகியவற்றில் உள்ள பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். மீதியில் கந்தக அமிலமும் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டாக்காரை ஒட்டி, தியாரோயே-சூர்-மேர் என்ற கடற்கரைக் குடியிருப்பு உள்ளது. அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் தொழில் பல ஆண்டுகள் நடந்தது. ஈயத்தின் விலை ஏறியபோது, மண்ணில் கலந்து கிடந்த ஈயத்தையும் மக்கள் சலித்து மூட்டை கட்டி விற்றார்கள். சில மூட்டைகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தன. அதன் பிறகுதான் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வந்து இரத்தத்தில் ஈயம் இருப்பதைச் சோதித்து உறுதி செய்தது. பெற்றோர் யாரும் குழந்தைக்குத் தெரிந்தே நஞ்சு கொடுக்கவில்லை. நல்ல விலைக்கு ஒரு சரக்கு விற்றார்கள், அவ்வளவுதான்.

எனவே பழைய பேட்டரியைக் கொஞ்சம் கூடுதல் விலை தருகிறார் என்பதற்காக உடைப்பவரிடம் கொடுக்கக் கூடாது. அமிலத்தை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. வலைக்கு ஈயக் குண்டு வார்க்க, பேட்டரித் தகட்டை வீட்டு அடுப்பில் உருக்குவதும் ஆகாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சாதாரண அடுப்பே அதற்குப் போதும். அதனால்தான் அந்த வேலை எளிதாகத் தோன்றுகிறது. எழும் புகையும் தூசியும் வீட்டில் உள்ளோர் உடம்பில்தான் சேரும்.

ஆ) என்ஜின் ஆயில். படகிலும் லாரியிலும் மாற்றி எடுக்கும் கறுப்பு ஆயிலில் உலோகத் துகள்களும் எரிந்த எண்ணெயின் நச்சுப் பொருள்களும் கலந்திருக்கும். இது தண்ணீரில் மெல்லிய படலமாகப் பரவிக் காற்றுப் புகாமல் தடுக்கும். பழைய ஆயிலைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த முடியும். ஆகவே அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே அது போக வேண்டும் என்று அபாயக் கழிவு விதிகள் கூறுகின்றன. 2023-இல் வந்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கே திரும்பப் பெறும் பொறுப்பும் உண்டு.

இ) பல்பும் தெர்மாமீட்டரும். டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு ஆகியவற்றில் சில மில்லிகிராம் பாதரசம் ஆவியாக அடைபட்டிருக்கும். பாதரசத் தெர்மாமீட்டரில் அதைப்போல நூறு மடங்கு, அதாவது அரை கிராமுக்குக் குறையாமல் இருக்கும். எல்.இ.டி. பல்பில் பாதரசம் இல்லை. ஆனால் அதிலும் மின்னணுப் பாகங்கள் உள்ளன.

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956-இல் கண்டறியப்பட்ட நோயை மீன் வியாபாரம் செய்வோர் அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிஸ்ஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலை விட்ட கழிவிலிருந்த பாதரசம் மீனில் சேர்ந்தது. மீனைத் தின்ற மக்களுக்கு நரம்புத் தளர்ச்சியும் வலிப்பும் வந்தன, பலர் இறந்தனர். மினமாட்டா மீனை வாங்க ஆளில்லாமல் மீனவர்களின் பிழைப்பும் போயிற்று. அந்த ஊரின் பெயராலேயே பாதரசத்தைக் குறைப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம் 2013-இல் உருவானது. இந்தியா 2018-இல் அதை ஏற்று உறுதி செய்தது.

ஒரு டியூப் லைட்டை உடைத்தால் நம் ஊர் மினமாட்டாவாகிவிடும் என்று யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை. அங்கே கொட்டியது ஒரு தொழிற்சாலை, பல ஆண்டுகளாக. ஆனால் பாதரசம் அழிவதில்லை. மண்ணிலும் நீரிலும் தங்கிச் சிறு உயிரிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும் என்ற விதி இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அதன் வட பகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசுவுக்கான பாதுகாப்புப் பகுதியாக 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடற்பசு மேயும் கடற்புல் வெளியில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன.

கடையில் பல்பு உடைந்தால் உடனே துடைப்பம் எடுக்கக் கூடாது. கதவு சன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். பிறகு கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது.

ஈ) பூச்சி மருந்து, எலி மருந்து டப்பா. பீகார் மாநிலம் சரண் மாவட்டம் கண்டாமன் கிராமத்தில் 2013 ஜூலை 16 அன்று பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தன. சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது தடய அறிவியல் ஆய்வில் தெரிந்தது. பூச்சி மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. காலி டப்பா நன்றாக இருக்கிறதே என்று கழுவி வைத்துக்கொள்வது நம் வீடுகளிலும் உள்ள பழக்கம். எண்ணெய்க்கோ மண்ணெண்ணெய்க்கோ வாடிக்கையாளர் அப்படிப்பட்ட டப்பாவை நீட்டினால், அளந்து ஊற்ற மறுப்பது மளிகைக் கடைக்காரரின் கடமை. திருப்பி வாங்கிய டப்பாவைக் குத்தி ஓட்டையிட்ட பிறகே சேமிக்க வேண்டும்.

உ) மாத்திரை, மருந்து, ஊசி. மருந்துக் கடையில் காலாவதியான சரக்கை மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. வீட்டில் மிஞ்சிய மாத்திரைக்கு அந்த வழி இல்லை. கேரளத்தில் மருந்து வணிகர் சங்கமும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் சேர்ந்து 2019-இல் திருவனந்தபுரத்தில் ஒரு முயற்சி செய்தன. மருந்துக் கடைகளில் பெட்டி வைத்து, வீட்டில் மிஞ்சிய மருந்துகளை மக்களிடமிருந்து வாங்கிச் சேர்த்து எரியூட்டு நிலையத்துக்கு அனுப்பினார்கள். 2025-இல் அதே வழியில் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் அரசே திட்டம் தொடங்கியது. வணிகர் சங்கம் முன்கை எடுத்ததை அரசு பின்பற்றியதற்கு இது நல்ல சான்று. ஒரு ஊராட்சியிலும் இது முடியும் என்பதற்கும் சான்று.

நம் பகுதியில் அந்த ஏற்பாடு வரும்வரை, மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, டீத்தூள் சக்கை அல்லது மண்ணுடன் கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் சேர்ப்பதே குறைந்த தீமை. கழிவறையில் கொட்டுவதும் அடுப்பில் எரிப்பதும் வேண்டாம். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்றுக்கொள்வார்களா என்று மருத்துவ அலுவலரைக் கேட்க வேண்டும். தளர்வாகக் குப்பையில் போட்ட ஊசி, தூய்மைக் காவலரின் கையில்தான் குத்தும்.

ஊ) பெயிண்ட், தின்னர். இவற்றுக்குச் சிறந்த வழி மிஞ்சாமல் வாங்க வைப்பதே. சுவரின் நீள அகலம் கேட்டுக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர் வாடிக்கையாளரின் பணத்தையும் மிச்சப்படுத்துகிறார், கழிவையும் குறைக்கிறார். மிஞ்சியதை மூடி இறுக்கி, தேவைப்படும் அடுத்தவருக்குக் கொடுக்கச் சொல்லலாம்.

5. சட்டப்படி வியாபாரியின் பொறுப்பு

2001-ஆம் ஆண்டின் பேட்டரி விதிகளே, புதிய பேட்டரி விற்கும் வியாபாரி பழையதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று கூறின. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், வண்டி பேட்டரி முதல் சிறு செல் வரை எல்லாவற்றையும் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்தன. 2023 ஏப்ரல் 1 முதல் அமலான மின்னணுக் கழிவு விதிகளில் டியூப் லைட் போன்ற பாதரச விளக்குகளும் அடங்கும்.

சட்டம் உற்பத்தியாளரைக் கேட்கிறது. உற்பத்தியாளருக்கும் நம் வாடிக்கையாளருக்கும் நடுவில் நிற்பவர் நாம். கம்பெனிப் பிரதிநிதி ஆர்டர் எடுக்க வரும்போது, "உங்கள் கம்பெனி பழைய சரக்கை எங்கே, எப்படித் திரும்ப எடுக்கிறது?" என்று எழுத்தில் பதில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஒரு கடைக்காரர் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். சங்கத்தின் கடிதத் தாளில் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

6. செய்முறைத் திட்டம்

அ) கடைவாரியாகப் பொறுப்பு. எதை விற்கிறோமோ அதைத் திரும்ப வாங்குவோம். மின்சாமான் கடை பல்பையும் சிறு செல்லையும், பேட்டரிக் கடை பேட்டரியையும், உரக்கடை பூச்சி மருந்து டப்பாவையும், ஹார்டுவேர் கடை பெயிண்ட்டையும், ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஆயிலையும் ஏற்கட்டும். மருந்துக் கடைகள் மருந்து ஆய்வாளரைக் கலந்துகொண்ட பிறகு மாத்திரைக்குப் பெட்டி வைக்கலாம். விற்பனைச் சரக்கோடு அது எந்தக் காரணத்தைக் கொண்டும் கலக்கக் கூடாது.

ஆ) சேமிக்கும் முறை. ஒவ்வொன்றுக்கும் மூடியுள்ள தனி டப்பா. மேலே பெரிய எழுத்தில் பெயர். வெயில், மழை, குழந்தைகள் அணுகாத இடம். டியூப் லைட்டைப் புதியது வந்த அட்டைப் பெட்டியிலேயே நிறுத்தி வைக்கலாம். செல்போன் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்ட வேண்டும். இல்லையெனில் உரசித் தீப்பிடிக்கும். ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. பிளீச்சிங் பவுடரும் கழிவறை கழுவும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும் என்பது இரண்டையும் விற்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இ) கணக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, பொருள், எண்ணிக்கை அல்லது எடை. மூன்று மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் ஊரில் எவ்வளவு கழிவு உண்டாகிறது என்று தெரியும். எண்ணிக்கையோடு போகும் மனுவுக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம்.

ஈ) வாடிக்கையாளரிடம் சொல்வது. நோட்டீஸ் அடிப்பதைவிட, பொருள் கொடுக்கும்போது வாயால் சொல்வது பயன் தரும். "அக்கா, பழைய பல்பைக் குப்பையிலே போட்டுடாதீங்க, அடுத்த தடவை வரும்போது கொண்டாங்க" என்றால் போதும். சிறு தள்ளுபடி கொடுத்தால் இன்னும் நல்லது. நீலகிரி மாவட்டத்தில் 2022 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து, மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் உடைந்து கிடந்த பாட்டில் கடைக்குத் திரும்பியது. பின்னர் பிற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. பத்து ரூபாய் செய்யும் வேலையைப் பத்துப் பிரசங்கம் செய்வதில்லை.

உ) சேகரிப்பு நாள். கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பதும், ஆயில் மாற்றுவதும், பேட்டரி மாற்றுவதும் அப்போதுதான். கழிவு அதிகம் சேர்வதும் அப்போதுதான். நமக்கு வியாபாரம் மந்தமாக இருப்பதும் அப்போதுதான். ஆகவே ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள், போகிக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் என ஆண்டுக்கு இருமுறை ஊர்ச் சேகரிப்பு நாள் வைக்கலாம். போகியன்று தீயில் போகும் பழைய சாமான்களில் எரிக்கக் கூடாதவை எத்தனையோ இருக்கின்றன.

ஊ) செலவு. விலை போகும் கழிவின் வருமானம் விலை போகாத கழிவின் செலவைச் சுமக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் பேட்டரியையும் ஆயிலையும் மொத்தமாக, அனுமதி பெற்ற நிறுவனத்துக்கே விற்று, அந்தத் தொகையில் ஒரு பங்கைப் பல்பும் டப்பாவும் அனுப்பும் வண்டிச் செலவுக்கு ஒதுக்கலாம். அனுமதி பெற்றவர்கள் யார் என்பதை மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு அறியலாம். வாங்குபவரிடம் அனுமதிச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பது அவசியம்.

எ) ஊராட்சியோடு இணைதல். தெருச் சுத்தமும் குப்பை அகற்றலும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கட்டாயக் கடமை. அதை நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதற்குத் துணை நிற்கப் போகிறோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. அதில் வைக்க ஒரு மாதிரித் தீர்மானம்:

"நமது ஊராட்சியில் வீடுகளிலும் கடைகளிலும் சேரும் பேட்டரி, பாதரச விளக்கு, பூச்சி மருந்து டப்பா, காலாவதியான மருந்து முதலியவற்றைப் பொதுக் குப்பையில் கலக்காமல் தனியே பெற்று வைக்கப் பூட்டுள்ள அறை ஒன்றை ஒதுக்கவும், தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் காலணியும் வழங்கவும், சேர்ந்த கழிவை ஒன்றியத்தின் வழியே ஆண்டுக்கு இருமுறை உரிய நிலையத்துக்கு அனுப்பவும், இதற்கு ஊர் வணிகர்கள் தரும் ஒத்துழைப்பை ஏற்கவும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

தீர்மானம் பதிவானால் அதன் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாசுக் கட்டுப்பாடு வாரிய அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் நடைமுறை ஒன்றே. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் வணிகர்களும் இதே தீர்மானத்தைத் தத்தம் ஊரில் கொண்டுவந்தால், ஒரு வண்டி நான்கு ஊருக்கும் சேர்த்து வரும். செலவு நான்கில் ஒன்றாகும்.

7. ஓர் எச்சரிக்கை

சேகரிக்கத் தொடங்கிவிட்டு அனுப்பாமல் விட்டுவிடுவது, சேகரிக்காமல் இருப்பதைவிட மோசம். ஊர் முழுதும் சிதறிக் கிடந்த நஞ்சு ஒரே கடையில் குவிந்துவிடும். தீ விபத்து நேர்ந்தால் அந்தக் கடையோடு போகாது. ஆகவே முதல் ஆண்டில் பேட்டரி, பல்பு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பிறகு மற்றவற்றைத் தொடுவோம். ஒரு கடையில் அதிகபட்சம் எவ்வளவு வைக்கலாம் என்று சங்கம் வரம்பு கட்ட வேண்டும். அந்த அளவு வந்ததும் ஊராட்சி அறைக்கு மாற்றிவிட வேண்டும்.

பழைய இரும்புக் கடைக்காரர்களையும் இந்த ஏற்பாட்டில் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் எந்தப் பழைய சாமான் எங்கே போகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தனியே விட்டால் அவர்கள் பிழைப்புக்கு நாம் போட்டியாகத் தெரிவோம். சேர்த்துக்கொண்டால் அவர்கள் குடும்பங்களின் உடல்நலமும் காக்கப்படும். தியாரோயேவில் இறந்தவை அத்தகைய குடும்பங்களின் குழந்தைகள்.

8. மாதக் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் கடையில் விற்கும் சரக்கில் அபாயக் கழிவாக மாறக்கூடியவை எவை? பட்டியல் எழுதுக.
2. கடந்த ஓராண்டில் வாங்கிய பழைய பேட்டரிகள் யாரிடம் போயின? அவரிடம் அனுமதிச் சான்று உள்ளதா?
3. கடையில் டியூப் லைட் உடைந்தால் வேலையாள் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறோமா?
4. விலை போகும் கழிவின் வருமானத்தில் எத்தனை பங்கை விலை போகாத கழிவுக்கு ஒதுக்கச் சம்மதிப்போம்?
5. அடுத்த கிராம சபையில் தீர்மானத்தை முன்மொழிபவர் யார்? வழிமொழிபவர் யார்?

ஐந்தாவது வினாவுக்குக் கூட்டத்திலேயே இரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு கலைந்தால், இந்தப் பாடம் பயன்பட்டது என்று கொள்ளலாம்.